காய்ந்த பிறகு பார்த்த நிறம்

எங்கள் ஊர் ஆண்டர்சன்பேட்டையில் நிறத்தைப் பற்றி யாருக்குச் சந்தேகம் வந்தாலும் என்னிடம்தான் வருவார்கள். ஆறாம் வகுப்புக்கு மேல் பள்ளிக்கூடத்துக்கு என்னைத் தாங்கும் சக்தி இல்லை. சின்ன வயதில் சுவருக்குப் பட்டி தேய்க்கப் போனவன், இன்று பெயிண்டிங் காண்ட்ராக்டர். ஒரு சுவரைப் பார்த்தே எந்தப் பூச்சில் மேஸ்திரி ஏமாற்றினான் என்று சொல்லிவிடுவேன். (இதை நானே சொல்லக்கூடாதுதான். வேறு யாரும் சொல்லவில்லை, என்ன செய்ய?)

அப்பேர்ப்பட்ட கண்ணை நம்பித்தான் போன வருடம் ஒரு மாலைப் பொழுது முழுக்கச் செத்துக்கிடந்தேன்.

எனக்கு பிரஷர். சிறுநீரில் புரதம் போகிறதா என்று அவ்வப்போது பார்த்துக்கொள்ளச் சொன்னார் டாக்டர். வெளியே சிரித்தேன். என் கூட்டாளி சாமுவேல் கிட்னி கெட்டுத்தான் போனான். அவனுடைய வீங்கிய கால்கள் இன்னும் என் கண்ணில் நிற்கின்றன.

மருமகள் ஷீலா பெங்களூரில் லேப் டெக்னீஷியன், தினமும் ரயிலில் போய்வருபவள். அவள் ஒரு டப்பா கொண்டுவந்தாள். உள்ளே மெல்லிய பிளாஸ்டிக் பட்டைகள். ஒவ்வொன்றிலும் கலர் கலராகச் சின்னக் கட்டங்கள். டப்பாவின் மேலேயே நிறங்களை வரிசையாக அச்சடித்திருந்தார்கள், நம் பெயிண்ட் கடை ஷேட் கார்டு மாதிரி.

“மாமா, யூரின்ல முக்கி உடனே எடுத்துடுங்க. ஒரு நிமிஷம் வாட்ச் பாத்துகினு இருந்து, டப்பா மேல இருக்கிற கலரோட வெச்சுப் பாருங்க.”

“கலர் பாக்க எனக்கே கத்துக் குடுக்கிறியாம்மா? ரயிலுக்கு டைம் ஆச்சு, கெளம்பு.”

மறுநாள் காலை முக்கி எடுத்தேன். சொட்டச் சொட்ட ஈரம். ஈரத்தில் நிறம் பார்ப்பவன் பெயிண்டரா? காய்ந்தால்தான் அசல் நிறம் தெரியும். எத்தனை வீட்டுக்காரர்களை, “காயட்டும், அப்புறம் பேசுங்க” என்று அடக்கியிருக்கிறேன்! பட்டையை ஜன்னலில், நல்ல வெயிலில் வைத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டேன்.

மாலையில் வந்து பார்த்தால், புரதக் கட்டம் கரும்பச்சை. சர்க்கரைக் கட்டம் காப்பிப்பொடி. இன்னொன்று ஊதா. டப்பாவோடு ஒப்பிட்டேன். எல்லா வரிசையிலும் கடைசி நிறம், ஆக மோசமானது. என் கண் தப்பாது. சாமுவேலுக்குக்கூட இவ்வளவு இருந்திருக்காது.

மனைவியைக் கூப்பிட்டேன். “ரோஸி, நான் போயிடுவேன் போலக்குது.”

“எங்க, வேலைக்கா? சாப்ட்டுப் போங்க.”

பட்டையைக் காட்டினேன். அழ ஆரம்பித்தாள். தேற்றப்போய் நானும் அழுதேன். அழுகைக்கு நடுவில் சர்ச் ஞாபகம் வந்தது. கிறிஸ்துமஸுக்கு எங்கள் சர்ச்சுக்கு வெள்ளையும் நீலமும் அடிப்பது என் உரிமை. பக்கத்துச் சாம்பியன் ரீப்ஸ் பகுதியில் இருக்கும் துரை, என் போட்டிக்காரன், “ஒரு பக்கச் சுவராவது குடுங்கண்ணே” என்று வருடா வருடம் கேட்பான். தூணைக்கூடக் கொடுத்ததில்லை. ஆனால் சர்ச்சுக்கு அடிக்காமல் விட்டுவிட்டு நான் எப்படிப் போவது? போன் போட்டேன்.

“துரை, இந்த வருஷம் சர்ச்சை நீயே அடி. பாஸ்டர்கிட்ட சொல்லிடு.”

“இன்னாண்ணே, குடிச்சிருக்கீங்களா?”

“இல்லடா. நீலத்துல ஒரு துளி கறுப்பு சேத்துக்கோ. அதான் என் ரகசியம்.” (அதையும் கொடுத்துவிட்டேன்!)

ஷீலா வந்தபோது நான் கட்டிலில். தலைமாட்டில் பைபிளோடு ரோஸி. ஷீலா பட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“இத்த எப்ப முக்குனீங்க மாமா?”

“காலையில.”

“இப்பவா பாத்தீங்க?”

“காய வேணாமா?”

சிரிப்பை அடக்கியவள், என் முகத்தைப் பார்த்ததும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். “மாமா, ஈரமா இருக்கும்போதே, சொன்ன நேரத்துல பாக்கணும். நேரம் போனா கலர் தன்னால மாறிடும். காய்ஞ்சத வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாது.”

உடனே இன்னொரு பட்டை. அவள் வாட்ச்சைப் பார்க்க, நான் அவள் முகத்தைப் பார்த்தேன். ஒரு கட்டமும் கருக்கவில்லை. டாக்டர் எழுதிக்கொடுத்த லேபிலும் பிறகு அதையே சொன்னார்கள்.

உயிர் திரும்பியதும் முதல் வேலையாக, சர்ச்சைத் திருப்பிக் கேட்கத் துரைக்குப் போன் செய்தேன். “அண்ணே, பாஸ்டர் ஜெபமே பண்ணிட்டாரு. காலையில சாரம் கட்றோம்” என்றான்.

இன்றும் என் வீட்டில் சாம்பாரில் உப்பு குறைவு என்று நான் சொன்னால், “காயட்டும், அப்புறம் சொல்லுங்க” என்கிறாள் ரோஸி. துரை அதற்கும் மேல். சர்ச்சுக்கு அடித்துக்கொண்டிருந்தபோது நான் கீழே நின்று வாயைத் திறந்ததும், சாரத்தின் மேலிருந்து கத்தினான்: “அண்ணே, இன்னும் ஈரம்! நாளைக்கு வாங்க!”

மறுநாள் போனேன். நீலம் நன்றாகத்தான் இருந்தது. என் கறுப்பு இல்லையா அதில்!