இரண்டு பிராசஸர்களும் ஒரு குடியிருப்புச் சான்றிதழும்

மனித குலத்தின் மேன்மைக்காக எத்தனையோ ஆராய்ச்சிகள் நடந்திருக்கின்றன. அவற்றில் தலையாயது 2003ஆம் ஆண்டு ஜூன் மாதம் புதுச்சேரியில் எங்கள் அலுவலகத்தில் நடந்தது. தற்பெருமை ஆகாது என்பதால் அலுவலகத்தின் பெயரைச் சொல்லவில்லை. குடியிருப்புச் சான்றிதழ் கொடுப்பது எங்கள் பணி. கொடுக்காமல் இருப்பதிலும் எங்களுக்கு நீண்ட அனுபவம் உண்டு.

அந்த மாதம் இரண்டு கணினிகள் வந்து இறங்கின. அவற்றுக்குள் வெவ்வேறு கம்பெனிகளின் பிராசஸர்கள். ஒன்று மூன்று கிகாஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு முந்நூறு கோடித் துடிப்பு; மற்றது இரண்டு. துடிப்பின் எண்ணிக்கையில் ஒன்றுமில்லை, ஒரு துடிப்புக்கு எவ்வளவு வேலை நடக்கிறது என்பதே முக்கியம் என்றது இரண்டாம் கம்பெனி. எங்கள் கண்காணிப்பாளர் தணிகாசலம் சாருக்கு இந்தத் தத்துவம் உடனே பிடித்துப்போயிற்று. அவரும் பார்வைக்கு மெதுவானவர்தான்.

எது சிறந்தது என்று கண்டறிந்து அதை ‘அதிகாரபூர்வக் கணினி’யாக அறிவிக்க வேண்டும். சாரும் நானும் ‘செயல்திறன் ஒப்பீட்டுக் குழு’ ஆனோம். சான்றிதழைக் கையால் எழுதிக் கொடுக்கும் காட்டுமிராண்டித்தனத்தை முந்தைய மாதமே ஒழித்திருந்தோம்.

அப்போதுதான் ரெட்டியார்பாளையத்திலிருந்து அஞ்சலாட்சி அம்மாள் வந்தார். கணவர் மில்லில் வேலை பார்த்தவர், மில் மூடியதிலிருந்து வீட்டோடு இருந்தார். மகள் கார்குழலிக்குக் கம்ப்யூட்டர் டிப்ளமோவில் இடம் கிடைத்திருந்தது. வெள்ளிக்கிழமைக்குள் குடும்பத்தின் குடியிருப்புச் சான்றிதழைக் கல்லூரியில் கொடுக்காவிட்டால் அந்த இடம் அடுத்தவருக்குப் போய்விடும்.

“சோதிக்க ஒரு வேலை வேணுமேய்யா” என்றார் தணிகாசலம் சார்.

“இந்தம்மா மனு தயாரா இருக்கு சார். விசாரணை எல்லாம் முடிஞ்சிடுச்சு” என்றேன்.

“கொற ஏதாவது?”

“ஒண்ணும் இல்ல சார்.”

“அப்ப ஆராய்ச்சிக்கு ஏத்த மனுதான்.”

கணினி விற்ற கடையிலிருந்து வந்திருந்த இளம் இன்ஜினியர் வெற்றிச்செல்வன் இரண்டிலும் பொத்தானை அழுத்தினார். இரண்டு பிரிண்டர்களும் ஆளுக்கொரு சான்றிதழைத் துப்பின. அஞ்சலாட்சி அம்மாள் மகிழ்ச்சியோடு கையை நீட்டினார்.

“இது சான்றிதழ் இல்லம்மா, சோதனை” என்றேன்.

“எம்பேருதான சார் இருக்குது?”

“பேரு உங்களுது. தாளு ஆராய்ச்சியோடது.”

“ஒரு கையெழுத்துப் போட்டா ஆயிடுச்சு. எந்தப் பொட்டியில வந்தா என்னா சார்?”

தணிகாசலம் சார் பொறுமையாக விளக்கினார். “முடிவாவறதுக்கு முன்னாடி ஒண்ணுல கையெழுத்துப் போட்டா, இன்னொரு பொட்டிக்குத் துரோகம் பண்ண மாதிரி ஆயிடும்மா.”

“பழையபடி கையால எழுதிக் குடுத்துடுங்களேன்.”

“அதெல்லாம் லேட்டாவுதுன்னுதான நிறுத்துனோம்.”

இரண்டு தாள்களையும் பாரபட்சமின்றிக் கிழித்தோம்.

“சார், ரெண்டும் கண்ண மூடித் தெறக்கறதுக்குள்ள முடிச்சிடுது. இந்த வேலைக்கு எது இருந்தாலும் ஒண்ணுதான்” என்றார் வெற்றிச்செல்வன். அவருடைய வயதைக் கருதி மன்னித்தோம்.

வேகத்துக்குப் பிறகு சிக்கனம். எது குறைவாகச் சூடாகிறது என்று பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தோம். கணினிக்காக ஏசி போட்ட அறைக்குள் தணிகாசலம் சார் தன் நாற்காலியையும் போட்டுக்கொண்டார், வெப்பத்தை ‘நேரடியாகக் கண்காணிக்க’. மதியம் இரண்டு கணினிகளையும் அணைத்துவிட்டுக் கதவைச் சாத்துவோம். பிரெஞ்சுக்காரர்கள் விட்டுப்போனவற்றில் மதியத் தூக்கத்தைத்தான் நாங்கள் சேதமில்லாமல் காப்பாற்றிவருகிறோம். நேற்று வந்த இயந்திரங்கள் என்பதற்காக அவற்றுக்கு அதை மறுக்க மனம் வரவில்லை.

அஞ்சலாட்சி அம்மாள் தினமும் வந்தார். தினமும் அவர் சான்றிதழே அச்சாயிற்று. மனுவை மாற்றினால் ஒப்பீடு கெட்டுவிடும் அல்லவா? இந்த ஊரில் அவ்வளவு முறை சான்றளிக்கப்பட்ட குடும்பம் வேறு கிடையாது. அந்தப் பெருமையை எடுத்துச் சொன்னேன். அவர் முகத்தில் ஈயாடவில்லை.

வெள்ளிக்கிழமை கார்குழலியும் வந்தாள். பிரிண்டரிலிருந்து வெளியே வரும் தன் அம்மாவின் பெயரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“இன்னிக்கிதான் சார் கடைசி நாளு” என்றாள்.

“நாங்களும் கடைசிக் கட்டத்துக்கு வந்துட்டோம்மா” என்று தணிகாசலம் சார் தைரியம் சொல்லிவிட்டு, மதியக் கதவைச் சாத்தினார். ஒரு தாளில் கையெழுத்துப் போடச் சொல்லலாமா என்று எனக்கே தோன்றியது. ஆனால் அறிவியல் என்று வந்துவிட்டால் இளகக் கூடாது.

ஜூலையில் அறிக்கை முடிந்தது. ‘இரு பிராசஸர்களுக்கும் இடையிலான வேக வித்தியாசம் மனிதர்களால் உணர முடியாத அளவுக்கு நுட்பமானது. எனவே இரண்டையும் பயன்படுத்தலாம்.’ மேலிடம் பாராட்டியது. மேசைக்குப் பூ வைத்து, முதல் கணினிச் சான்றிதழை அஞ்சலாட்சி அம்மாளுக்கே வழங்கினோம்.

“சீட்டு போனப்புறம் இத வச்சிக்கினு என்னா சார் பண்றது?” என்றார் அவர்.

நாங்கள் கைவிடுகிறவர்கள் அல்ல. இரண்டு கணினிகளையும் தினம் தூசி தட்ட ஒரு கூலி ஆள் தேவைப்பட்டது. கார்குழலியைச் சேர்த்துக்கொண்டோம். கம்ப்யூட்டர் படிக்க ஆசைப்பட்ட பெண் இன்று எங்கள் தயவால் இரண்டு கம்ப்யூட்டர்களோடு இருக்கிறாள். அந்த வேலைக்கும் குடியிருப்புச் சான்றிதழ் கேட்டோம்; அம்மாவுக்கு நாங்கள் பூ வைத்துக் கொடுத்ததையே கொண்டுவந்தாள். இந்த வேலைக்கு மட்டும் எங்கள் அலுவலகம் அதை உரிய காலத்தில் கொடுத்திருந்தது.