அந்த ஐந்தாவது பெயரை நீக்குவது குறித்து

இயேசு மரி சூசை துணை

நாகல் நகர், திண்டுக்கல்
6.2.2026, மாதத்தின் முதல் வெள்ளி

அன்பு மகன் ரோஷனுக்கு,

அம்மா ஆசீருடன் எழுதுவது. இங்கே நானும், என் இரண்டு முழங்கால்களும், வீட்டுத் தொலைக்காட்சியும் நலம். அங்கே புனேயில் நீயும் ஜோஸ்பினும் பிள்ளைகள் இருவரும் நலமாயிருக்க இன்று காலைப் பூசையில் உங்கள் நால்வர் பெயரையும் சொல்லி மன்றாடினேன். இதை ஏன் போனில் சொல்லாமல் கடிதமாக எழுதுகிறீர்கள் என்று கேட்பாய். போனில் பேசினால் நீ "ம்... ம்... சரிம்மா" என்கிறாய். கூடவே நீ தட்டச்சு செய்யும் சத்தமும் எனக்குக் கேட்கிறது. முப்பத்தொரு வருஷம் தபால் நிலையத்தில் வேலை பார்த்தவள் நான். கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுக்கும் தபாலுக்கு இருக்கிற மரியாதை இரண்டு நீல டிக்குக்குக் கிடையாது.

விஷயம் இதுதான். சென்ற ஞாயிறு நீ, "டிவிக்கு எந்த பிளேயர் பிடிக்குதோ வாங்கிக்கங்கம்மா. நம்ம படம் பாக்குற அக்கவுண்ட்ல அஞ்சு பேருக்குத்தான் எடம். அப்பா பேரை எடுத்துட்டு உங்க பேரைப் போட்டுர்றேன்" என்றாய். ஏதோ சட்டைப் பொத்தானை மாற்றுவது போலச் சொன்னாய். என் கடிதம் கைக்கு வரும்வரை எதையும் தொடாதே என்று சொல்லி வைத்தேன். இப்போது பிளேயரைத் தேர்ந்தெடுத்துவிட்டேன். பெயர் விஷயத்திலும் ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன். இரண்டையும் வரிசையாக எழுதுகிறேன். நடுவில் எழுந்து போகாமல் படி.

புது டிவியே வாங்கிவிடலாம் என்று நீ சொன்னதை நான் ஏற்கவில்லை. உன் அப்பா ஓய்வு பெற்ற அன்று வாங்கி வந்த டிவி நன்றாகவே ஓடுகிறது. முழங்கால் மறுக்கிற நாள்களில் வீட்டிலிருந்தே பூசை காண வேண்டும், அவ்வளவுதான் என் தேவை. அதற்கு டிவியின் பின்னால் செருகுகிற ஒரு சாமான் போதும் என்று எதிர்வீட்டு ஆரிபா சொன்னாள். அவள் வீட்டில் அது இருக்கிறது. ஆகவே செவ்வாய்க்கிழமை அவளைத் துணைக்கு அழைத்துக்கொண்டு ஆட்டோவில் கடைக்குப் போனேன். கடைப் பையன் ஒருவன், தாடியில் பாதியைச் சிரைத்து மீதியை விட்டவன், ஒரு கறுப்புப் பெட்டியை எடுத்து வைத்தான். "இத எடுத்துக்கங்கம்மா. எல்லாமே ஃப்ரீ. தியேட்டர்ல படம் வந்த அன்னைக்கே இதுல வந்துரும்" என்றான். யாருடைய அனுமதியில் வரும் என்று கேட்டேன். "அதெல்லாம் தானா வரும்மா" என்றான். தம்பி, ஏழாம் கட்டளை தெரியுமா என்றேன். அவன் ஆரிபாவைப் பார்த்து, "யக்கா, அம்மா என்ன மாடல் கேக்குறாக?" என்றான். "அது ரொம்பப் பழைய மாடல் அப்பு. எங்க வீட்லயும் உண்டு. களவாங்கக் கூடாதுன்னு அர்த்தம்" என்று ஆரிபா சொன்னாள். நாங்கள் வெளியே வந்துவிட்டோம்.

பிறகு நம் கேபிள்காரர் சௌகத் அலியைக் கூப்பிட்டுக் கேட்டேன். அவர் நேர்மையானவர், மழை பெய்தால் படம் வராது என்பதை மழைக்கு முன்பே சொல்லிவிடுவார். நல்ல கம்பெனிப் பெட்டி ஒன்றை வீட்டுக்கே கொண்டு வந்தார். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. மாட்டுவதற்கு இடம் பார்த்தபோதுதான் சங்கடம். நம் வீட்டுச் சுவரில் மூன்று பிளக் என்பது உனக்குத் தெரியும். ஒன்று டிவிக்கு, ஒன்று கேபிள் பெட்டிக்கு, மூன்றாவது மேலே இருக்கும் திரு இருதயப் படத்தின் சிவப்பு விளக்குக்கு. "அந்தச் செவப்பு பல்பு வயரக் கழட்டிட்டா முடிஞ்சுச்சும்மா" என்று சொல்லிக்கொண்டே கையை நீட்டிவிட்டார். நீ பிறப்பதற்கு முன் அந்தப் படத்தைச் சாமியார் வந்து மந்திரித்து வைத்தது முதல், கரண்ட் போகிற நேரம் தவிர அந்த விளக்கு அணைந்ததில்லை. நான் "சௌகத்!" என்று சொன்ன சொல்லில் அவர் கை பாதியிலேயே நின்றுவிட்டது. "சரி, ஒரே பிளக்குல நாலு மாட்ற மாதிரி ஒரு பட்டை போட்ருவோம்" என்றார். ஆண்டவரும் பற்பசை விளம்பரமும் ஒரே பட்டையில் தொங்குவதா என்று கேட்டேன். "ஆண்டவரு விசயத்துல நான் தலையிடலம்மா" என்று டீயைக் குடித்துவிட்டுப் பெட்டியை எடுத்துக்கொண்டு போனார். போனவர் மறுநாளே வந்தார், கையில் விரல் நீளத்துக்கு ஒரு ஸ்டிக். டிவியின் முதுகில் செருகினால் போதும், கரண்டையும் டிவியிடமிருந்தே வாங்கிக்கொள்ளும், பிளக் வேண்டாம் என்றார். இதை ஏன் முதலிலேயே கொண்டு வரவில்லை என்று கேட்டேன். "பெட்டிதாம்மா பாக்க ஒரு இதுவா இருக்கும்" என்றார். ஆக, ஸ்டிக் தேர்ந்தெடுக்கப்பட்டது. சிபாரிசு செய்தவர் திரு இருதய ஆண்டவர் என்று வைத்துக்கொள்.

அடுத்து அதை உன் கணக்கோடு இணைக்கிற வேலை. அதில் நான் ஒரு தவறு செய்தேன், ஒப்புக்கொள்கிறேன். ரகசிய எண்ணை யாருக்கும் காட்டாதீர்கள் என்று நீ எனக்கு நூறு தடவை சொல்லியிருக்கிறாய். திடீரென்று டிவித் திரையில் முழங்கை உயரத்துக்கு ஆறு இலக்க எண் வந்து நிற்கிறது. அறையில் சௌகத் அலியும் ஆரிபாவும் நிற்கிறார்கள். சாம்பல் புதன் பதினெட்டாம் தேதி வருகிறதே என்று துவைத்து மடித்து வைத்திருந்த ஊதாத் துணி நாற்காலியில் கிடந்தது. கோயிலில் சுரூபங்களை மூடுகிற மாதிரி, தவக்காலம் நாற்பது நாளும் நம் டிவியை நான் மூடி வைப்பேனே, அதே துணி. சட்டென்று எடுத்துத் திரையில் போர்த்திவிட்டேன். "யக்கா, அந்த நம்பரப் பாத்துத்தான் போன்ல அடிக்கணும். மூடிப்புட்டா எப்புடி?" என்று ஆரிபா கத்தினாள். நம்பர் காலாவதி ஆகிவிட்டது. இன்னொன்று வந்தது. பழக்க தோஷம், அதையும் மூடிவிட்டேன். மூன்றாவது எண் வந்தபோது இருவரும் என்னைச் சமையலறைக்கு அனுப்பிவிட்டார்கள்.

இணைந்த பிறகு அதன் நடத்தை திருப்தியாகவே இருக்கிறது. ரிமோட்டில் ஒரு பொத்தானை அழுத்திக்கொண்டு பேசினால் தேடித் தருகிறது. கன்னியர் மடப் பள்ளியில் எங்களுக்குக் கற்றுத்தந்த உச்சரிப்பில், "குட் ஈவினிங். கைண்ட்லி ஷோ மீ த ஹோலி மாஸ் இன் தமிழ்" என்றேன். உடனே காட்டியது. உன் பிள்ளைகளிடம் ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டால்கூட மூன்று தடவை கேட்க வேண்டியிருக்கிறது. மனம் குளிர்ந்து "தேங்க் யூ" என்றேன். அதையும் தேடி, நன்றிப் பாடல்களாக நாற்பது எடுத்து வைத்துவிட்டது. இவ்வளவு பணிவும் கூடாது.

இனி பெயர் விஷயம். அந்தப் பூசையைக் கேட்பதற்கு முன், இணைந்ததும் என்னைச் சமையலறையிலிருந்து கூப்பிட்ட கணத்தில், "யார் பார்க்கிறீர்கள்?" என்று கேட்டு ஐந்து முகங்கள் வந்தன. நீ, ஜோஸ்பின், பிள்ளைகள் இருவர், ஐந்தாவதாக "அப்பா". அதற்குப் படம் சிரிக்கிற பென்குவின். வாழ்நாள் முழுக்க பள்ளிக்கூட மைதானத்தில் விசில் ஊதிய டிரில் வாத்தியார் ஆரோக்கியதாஸ், கல்யாணப் போட்டோவில்கூட இடுப்பில் கை வைத்து நிற்கிற மனிதர், பென்குவினாம். அழுத்திப் பார்த்தேன். கொரியா தேசத்து அரண்மனைத் தொடர் ஒன்று வந்தது, தமிழ்க் குரலோடு. சமையல்கட்டில் வேலை செய்கிற ஒரு பெண். அவளுக்கு விறகு கொண்டுவருகிறவன் உண்மையில் இளவரசன். அது அவளுக்குத் தெரியாது. ஒன்பதாம் பகுதி, இன்னும் இருபத்திரண்டு நிமிடம் மீதம் என்று கீழே ஒரு சிவப்புக் கோடு.

நான் திரும்பிப் பார்த்தபோது ஆரிபா முந்தானையைச் சரிசெய்துகொண்டிருந்தாள். "ஆரிபா" என்றேன்.

"திட்டாதீகக்கா. வாத்தியாரண்ணன் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாக."

"எப்போதிலிருந்து?"

"அந்தக் கடைசித் தவக்காலத்துலதான்க்கா. நீங்க டிவிக்குத் துணி போத்திட்டீக. அண்ணன் மாடிப்படியில உக்காந்து காதுல மாட்டிக்கிட்டு போன்ல பாப்பாக. நோம்பு திறந்துட்டு நான் கஞ்சி கொண்டாந்தா, அன்னன்னைக்குக் கதையச் சொல்லுவாக. அந்தச் சமையக்காரப் புள்ளைக்காக அம்புட்டு அழுவாகக்கா."

சௌகத் அலி செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

ரோஷன், உனக்கு இதன் கனம் புரிகிறதா? அந்தத் தவக்காலத்தில் உன் அப்பா காதில் மாட்டிக்கொண்டு படியில் உட்கார்ந்திருப்பார். என்ன கேட்கிறீர்கள் என்றால் "தியான உரை" என்பார். கண் சிவந்து இறங்கி வருவார். கல்லான மனிதர் கரைகிறாரே என்று நான் உருகிப்போனேன். நம் தெரு அன்பியச் செபக் கூட்டத்தில் சொன்னேன். அதோடு விடாமல் பங்குத் தந்தையிடமும் சொன்னேன். அவர் குருத்து ஞாயிறுப் பிரசங்கத்தில், பெயர் குறிப்பிடாமல், "நம் பங்கில் ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியர் தினமும் கண்ணீரோடு தியானம் செய்கிறார், அவரைப் பாருங்கள்" என்று சொல்லிவிட்டார். முழுக் கோயிலும் திரும்பிப் பார்த்தது. உன் அப்பா குனிந்துகொண்டார். தாழ்ச்சி என்று நினைத்து நான் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன்!

இரண்டு நாள் யோசித்தேன். நாற்பத்திரண்டு வருஷம் ஒன்றாக வாழ்ந்ததை ஒரு பக்கமும், ஒன்பது பகுதிப் பொய்யை மறு பக்கமும் வைத்துப் பார்த்தேன். ஆகவே என் முடிவு இதுதான்: அந்த ஐந்தாவது பெயரை நீக்கிவிடு. தபால் நிலையத்தில் இறந்தவர் பெயருக்குக் கடிதம் வந்தால் "பெறுநர் காலமானார்" என்று எழுதி அனுப்பியவருக்கே திருப்புவோம். உன் அப்பா பெயருக்குப் பென்ஷனர் சங்கத்திலிருந்து கடிதம் வந்தபோதுகூட அப்படியே எழுதித் திருப்பியவள் நான். அவர் போய் மூன்று வருஷம் ஆகப்போகிறது. ஐந்து பேருக்குத்தான் இடம் என்றால் இருக்கிறவர்களுக்குத்தான் இடம். அவர் இடத்தில் என் பெயரைப் போடு. வெறும் "அம்மா" என்று போடாதே. திருமதி சகாயராணி ஆரோக்கியதாஸ் என்று முழுதாகப் போடு. பறவை, விலங்கு எதுவும் வேண்டாம். கண்ணியமான ஒரு முகம் போதும். பூசையும் செபமாலையும் செய்தியும் தவிர அதில் நான் எதையும் பார்க்கப் போவதில்லை.

பிள்ளைகளை நகம் கடிக்கவிடாதே. ஜோஸ்பினுக்கு என் அன்பைச் சொல். எலுமிச்சை ஊறுகாய் தனிப் பொட்டலமாக வருகிறது, ஈரக் கரண்டி போட வேண்டாம் என்றும் சொல். உங்கள் நால்வர் நெற்றியிலும் இங்கிருந்தே சிலுவை வரைகிறேன். கர்த்தர் உங்கள் வாசலையும் வழியையும் காக்கட்டும்.

என்றும் அன்புள்ள அம்மா,
சகாயராணி

மறுகுறிப்பு (திங்கள் காலை): இதைச் சனிக்கிழமையே தபாலில் சேர்த்திருக்க வேண்டும். சேர்க்கவில்லை. முழங்கால் என்று நினைத்துக்கொள்.

மேலே எழுதியதில் ஸ்டிக் வாங்கியது வரை சரி. மற்றதை அடித்துவிடு. வெள்ளிக்கிழமை மாலை, குற்றத்தின் தன்மையைத் தெரிந்துகொள்வதற்காக மட்டும், அந்த மீதி இருபத்திரண்டு நிமிடத்தைப் பார்த்தேன். முன்கதையை ஆரிபா வெங்காயம் நறுக்கிக்கொண்டே சொன்னாள். விறகுக்காரன் தலைத்துணியை அவிழ்க்கப் போகிற இடத்தில் உன் அப்பா நிறுத்தியிருக்கிறார். புனித வாரத்துத் திங்கட்கிழமையாக இருக்க வேண்டும். மறுநாள் காலைதான் அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனோம். அந்தப் பெண்ணுக்கு அவன் யாரென்று தெரிந்ததா என்பதைப் பார்க்காமலே போய்விட்டார், பாவம். தெரிந்துவிட்டது. அவள் அடுப்புக் கரண்டியால் ஒன்று வைத்தாள். அவர் இருந்திருந்தால் விசில் ஊதியிருப்பார்.

இப்போது பதினான்காம் பகுதியில் இருக்கிறோம். "இருக்கிறோம்" என்று எழுதிவிட்டேன், திருத்தவில்லை. புதுப் பெயர் போட்டால் எங்கே விட்டோம் என்பது அந்த ஸ்டிக்குக்குத் தெரியாதாம், ஆரிபா சொல்கிறாள். ஆகவே எனக்குத் தனி இடம் வேண்டாம். மாலையில் யார் பார்க்கிறீர்கள் என்று கேட்கிறது, பென்குவினை அழுத்துகிறேன். ஐந்தாவது பெயரைத் தொட்டாயானால் ஊறுகாய் வராது.

இதற்கு இரண்டாம் பாகமும் இருக்கிறதாம். சாம்பல் புதனுக்கு இன்னும் ஒன்பது நாள்தான். அந்த ஊதாத் துணியை எலி கடித்துவிட்டது. இதுவரை கடிக்கவில்லை, பதினேழாம் தேதிக்குள் கடித்துவிடும். பங்குத் தந்தை உன்னிடம் போனில் கேட்டால் அப்படியே சொல்.