முத்தையா மாமாவுக்கு நான் எழுதிய முதல் கண்ணீர் அஞ்சலி

செத்தவர்களைப் பற்றி என்னளவுக்கு எழுதியவன் போடியில் எவனும் இருக்க மாட்டான். எங்கள் தெருவிலோ சொந்தத்திலோ யார் கண்ணை மூடினாலும், குளிப்பாட்டுவதற்கு முன்பே என் வீட்டுக்கு ஆள் வந்துவிடும். கண்ணீர் அஞ்சலி சுவரொட்டிக்கு வாசகம் வேண்டும். எம்.ஏ. தமிழ் படித்துவிட்டுத் தாலுகா ஆபீசில் கோப்பு தள்ளியவனுக்கு, படித்த தமிழைச் செலவழிக்க வேறு இடமும் இல்லை. வட்டிக்கு விட்டவரை வள்ளல் ஆக்கியிருக்கிறேன். பெண்டாட்டியோடு முகம் கொடுத்துப் பேசியறியாத ஒருவரை 'இல்லறத்தின் இலக்கணம்' என்று எழுதியிருக்கிறேன். (அந்தம்மா சுவரொட்டியைப் படித்துவிட்டு, "இது யாரு?" என்று கேட்டதாகக் கேள்வி.)

அப்படிப்பட்ட நான், உயிரோடு இருந்த ஒரு மனிதருக்கும் எழுதினேன். இதில் சிரிக்க வேண்டிய இடங்கள் உண்டு, சிரித்துக்கொள்ளுங்கள். என்னால் பாதி வரைக்கும்தான் சிரிக்க முடியும்.

எங்கள் ஊர் நூலகத்தில் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் வயதானவர்களுக்குக் கைப்பேசி வகுப்பு நடக்கும். சொல்லிக்கொடுப்பவர் நூலகர் கிறிஸ்டி. என் மகளைவிடச் சின்னவள். பிள்ளைகள் பெங்களூரிலும் திருப்பூரிலும் இருந்துகொண்டு, தாங்கள் வைத்திருந்த பழைய போனை எங்கள் தலையில் கட்டிவிட்டுப் போயிருப்பார்கள். அதைத் தூக்கிக்கொண்டு நாங்கள் வந்துவிடுவோம். முதல் பாதி போன் பழகுவது. அதற்கப்புறம் போனை அணைத்து, கிறிஸ்டியின் மேசையில் இருக்கும் தட்டில் வைத்துவிட வேண்டும். மறுபாதி பத்திரிகை படித்துப் பேசுவது. "போன் கையில இருந்தா நீங்க பேப்பரைத் தொடவே மாட்டீங்க அங்கிள்" என்பாள். நிஜம்தான்.

என் பக்கத்து நாற்காலி முத்தையா மாமாவுக்கு. தூரத்து உறவில் மாமன். வயதில் எனக்குக் கொஞ்சம்தான் மூத்தவர். ஏலக்காய் வியாபாரத்தை விட்டுவிட்டு, மனைவியும் போனபின் ஒற்றை ஆளாக இருந்தார். மாமன் மாப்பிள்ளை முறை என்றால் எங்கள் பக்கம் எதையும் சொல்லிக் கேலி பண்ணலாம், சாவு உட்பட. நாங்கள் பண்ணினோம்.

அவருக்கு ஒரே தம்பி, கருப்பசாமி. பொட்டிபுரத்துத் தோட்டக் கிணற்றில் யார் எந்த நாள் மோட்டார் போடுவது என்பதில் பேச்சு முற்றி, தம்பி மலைமேல் இருந்த தன் ஏலத்தோட்டத்துக்கே குடிபோய்விட்டார். வருடக்கணக்காகப் பேச்சில்லை. ஒருவர் வீட்டுக் கல்யாணத்துக்கு மற்றவர் போகவில்லை. ஆனால் எங்களுக்குள் ஒரு கட்டு உண்டு. நல்லதுக்கு வராதவனும் கெட்டதுக்கு வந்துதான் ஆக வேண்டும். சாவு விழுந்த கேதத்தன்று கோபம் செல்லாது. மாமாவே இதைச் சொல்லிச் சிரிப்பார். "எந் தம்பி மூஞ்சிய நான் பாக்கணும்னா நான் செத்தாகணும் மாப்ளே. செத்தா எப்படிப் பாக்குறது? அதான் சிக்கல்."

அந்த ஞாயிற்றுக்கிழமை, புகைப்படத்தை வைத்து அதன் கீழே வாசகம் எழுதி வாழ்த்து தயாரிக்கச் சொல்லிக்கொடுத்தாள் கிறிஸ்டி.

"யாருக்கு மாப்ளே வாழ்த்து?" என்றார் மாமா.

"வாழ்த்தெல்லாம் நமக்கு வராது மாமா. நமக்குத் தெரிஞ்ச சோலி ஒண்ணுதான்."

"அப்ப எனக்கே போடு. செத்தபெறகு நீ என்ன எழுதுவன்னு நான் எப்படிப் பாக்குறது? இப்பவே காமிச்சிரு."

அவரே நல்ல படமாகப் பார்த்து எனக்கு அனுப்பினார். கறுப்புக் கட்டம் போட்டேன். இரண்டு பக்கமும் குத்துவிளக்கு. 'மலைச்சீமை போற்றிய மாமனிதர் மறைந்தார்' என்று எழுதினேன்.

"கொடைவள்ளல் எங்க?"

"யாருக்கு என்னத்தக் குடுத்தீங்க?"

"உனக்கு வாராவாரம் டீ வாங்கிக் குடுக்குறேன்ல?"

கொடைவள்ளலும் போட்டேன். மாமா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "எனக்கு அனுப்பு, வச்சு வச்சுப் பாக்கணும்" என்றார். அனுப்பினேன். கண்ணாடி சட்டைப்பையில் இருந்தது. பெயர் பார்த்துத் தொட ஒரு எம்.ஏ.க்காரனுக்குக் கண்ணாடி வேண்டுமா என்கிற மிதப்பு. பட்டியலில் மேலாக இருந்ததைத் தொட்டேன். அது மாமா இல்லை. தேவாரம் ஊர் முதல் மலைமேல் வரை எங்கள் சொந்தம் அத்தனையும் இருந்த வாட்ஸப் குழு.

"போனை ஆஃப் பண்ணித் தட்டுல வைங்க" என்றாள் கிறிஸ்டி. வைத்தோம்.

நாங்கள் தலையங்கத்தை விவாதித்துக்கொண்டிருந்த நேரத்தில் ஊர் என்னவெல்லாம் செய்தது என்று பிற்பாடுதான் தெரிந்தது. எழுதியது நான். அதனால் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. தேவாரத்துச் சொந்தங்கள் பஸ் ஏறிவிட்டார்கள். பந்தல்காரர் கம்பு இறக்கிவிட்டார். மாமாவுக்குப் போன் போட்டவர்களுக்கு அது அணைந்து கிடந்ததே மறுக்க முடியாத சாட்சியாகிவிட்டது.

வகுப்பு முடிந்து போன்களைப் பையில் போட்டுக்கொண்டு (போட்டோமே தவிர, உயிர் கொடுக்கவில்லை) வடையும் டீயும் சாப்பிட்டுவிட்டு, சாவகாசமாகத் தெருமுனைக்கு வந்தோம். பந்தல் தெரிந்தது. மாமா தோளில் கிடந்த துண்டை மரியாதையாக எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"யாரு வீட்டுல கேதம்? படுத்த படுக்கையா நம்ம தெருவுல யாரும் இல்லையே மாப்ளே."

பிணம் வைக்கும் ஐஸ் பெட்டியை ஏற்றிவந்த வண்டி ஒன்று எங்கள் பக்கத்தில் நின்றது. டிரைவர் எட்டிப் பார்த்து மாமாவிடமே கேட்டான். "அண்ணே, பாடி எங்கண்ணே?"

"எந்தப் பாடி?"

"முத்தையான்னு சொன்னாக."

"நாந்தாம்ப்பா."

அவன் முகம் போன போக்கைச் சொல்ல எனக்கு இருக்கிற தமிழ் போதாது.

மாமா வீட்டின் பூட்டிய கதவில் முதுகைச் சாய்த்து, மடியில் ரோஜா மாலையோடு கருப்பசாமி உட்கார்ந்திருந்தார். ஜீப்பில் வந்திருக்கிறார். மலையிலிருந்து இறங்கும் வழியெல்லாம் அழுதிருக்க வேண்டும், முகம் வீங்கியிருந்தது. கூட்டம் விலகியதும் நிமிர்ந்து பார்த்தார். மாலை தரையில் விழுந்தது. "அண்ணே" என்று ஒரு சத்தம். அண்ணனை இரண்டு கையாலும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு அடித்தார், அழுதார், திரும்பவும் அடித்தார்.

மாமாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனாலும் தம்பியின் தோளைத் தடவிப் பார்த்துவிட்டு, "என்னடா இம்புட்டு இளைச்சுப் போயிட்ட?" என்றார்.

கிணறும் இல்லை, மோட்டாரும் இல்லை. எல்லாம் முடிந்திருந்தது. என் முட்டாள்தனம் ஒரு புண்ணியத்தைச் செய்துவிட்டது. நான் வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால் போதும்.

"எவன்டா இதப் போட்டது?" என்று தேவாரத்து மச்சினன் கத்தினார். தெருவே என்னைப் பார்த்தது.

நான் சொன்னேன்: "மாமாதான் போடச் சொன்னாரு."

பொய்யில்லை. அதனால்தான் இன்னும் உறுத்துகிறது. தம்பியின் கை அண்ணன் தோளிலிருந்து இறங்கியது.

"நீயா போடச் சொன்ன?"

மாமாவுக்கு அந்தப் படம் குழுவுக்குப் போனதே தெரியாது. கண் கலங்கியபடி சிரித்துக்கொண்டு, "ஆமாடா, போட்டோவே நாந்தான் எடுத்துக் குடுத்தேன்" என்றார்.

"செத்தா நான் வர்றேனா இல்லையான்னு பாத்தியாக்கும்? அழுகுறேனான்னு பாத்தியாக்கும்? நல்லாப் பாத்துக்க. இனிமே நெசமாச் செத்தாலும் வர மாட்டேன்."

கேதத்துக்குக் கொண்டு வந்த மாலையைத் திரும்ப வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது. உயிரோடு நிற்பவன் கழுத்திலும் போட முடியாது. கீழே கிடந்ததை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு அந்த மனிதர் அப்படியும் இப்படியும் திரும்பியது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. கடைசியில் ஜீப்பில் ஏறிப் போய், கொட்டகுடி ஆற்றில் வீசினாராம்.

'அவருக்குத் தெரியாது சின்ன மாமா, என் கை தவறி அனுப்பினது' என்று சொல்ல ஒரு மூச்சுப் போதும். படித்தவனுக்குப் போனில் அனுப்பத் தெரியவில்லை என்று தெரு சிரிக்கும். அதற்குப் பயந்து நின்றேன்.

மாமா என்னை ஒரு சொல் சொல்லவில்லை. "விடு மாப்ளே, மலையேறுனவன் எறங்கத்தான செய்யணும்" என்றார். நான் போய் விளக்கிவிட்டு வருகிறேன் என்றேன். இந்த வாரம் மழை. அடுத்த வாரம் முட்டிவலி. அதற்கடுத்த வாரம் பாதையில் மூடுபனி என்று பஸ் ஸ்டாண்டில் யாரோ சொன்னார்கள்.

மறுவருட மழைக்காலத்தில் மாமா தூக்கத்திலேயே போய்விட்டார்.

இந்த முறை கண்ணாடி போட்டுக்கொண்டு, அலங்காரம் எதுவும் இல்லாமல் எழுதி அனுப்பினேன். குழுவில் சிரிக்கும் முகங்களாக வந்து விழுந்தன. "மறுபடியுமா?" என்று கேட்டார் ஒருவர். "ஐஸ் பெட்டிக்காரன் பாவம்" என்று இன்னொருவர். திருப்பூரிலிருந்து மாமாவின் மகள் கிளம்பிவிட்டாளா என்று விசாரித்த பிறகுதான் நம்பினார்கள். கருப்பசாமி போனை எடுக்கவே இல்லை. ஜீப் பிடித்து நானே மேலே போனேன்.

ஏலக்காய் காயவைக்கும் அறையில் காயைக் கிளறிக்கொண்டிருந்தார். திரும்பவில்லை.

"இந்தத் தடவ யாரு போடச் சொன்னா?"

நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அனுப்பியது, கண்ணாடி, தெருமுன்னால் நான் வாயைத் திறந்தது, பிறகு திறக்காமல் இருந்தது. அறைச்சூட்டில் வேர்த்து வழிந்தது. அவர் கிளறுவதை நிறுத்தினார்.

"இதச் சொல்றதுக்கு ஒரு வருசமா மாப்ளே? கீழேருந்து மேல வர ஜீப்பு இல்லையா? பொழுதன்னைக்கும் ஓடுதே."

அவர் கையைக் கழுவிவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டார்.

இறங்கும் வழியில், ஜீப்பில், தன் போனை எடுத்தார். மாமா ஒரு வருடமாக அவருக்குக் குரல் பதிவுகள் அனுப்பியிருக்கிறார். வகுப்பில் கற்றுக்கொண்டதுதான். எனக்குக்கூடச் சொல்லவில்லை. கருப்பசாமி ஒன்றையும் திறக்காமல் வைத்திருந்தார். இப்போது ஒன்றைத் தொட்டார்.

"டேய் கருப்பு, மேல மழையா? இங்க வெறும் காத்துதான்."

அடுத்தது. "இன்னைக்கு இந்தக் கிறிஸ்டி புள்ள போன்ல மேப்பு பாக்கச் சொல்லிக் குடுத்துச்சு. மேலருந்து பாத்தா உன் வீடு தெரியுதுடா. தகரம் மாத்திருக்க போல. சொல்லவே இல்ல."

கருப்பசாமி வெளியே பார்த்துக்கொண்டே, "அது மாத்தி ரொம்ப நாளாச்சுண்ணே" என்றார்.

எங்கள் வீட்டில் இன்று வரை இது பெரிய கேலி. நான் எந்தச் சாவுச் செய்தியைச் சொன்னாலும், "நாடி புடிச்சுப் பாத்தீங்களா?" என்று கேட்பாள் என் மனைவி. கல்யாணப் பந்தியில் என் மருமகன் ஐஸ் பெட்டிக்காரன் மாதிரியே நடித்துக் காட்டுவான். "நாந்தாம்ப்பா" என்ற இடத்தில் கதையை முடித்துவிடுவான். அதற்கு மேல் அவனுக்குத் தெரியாது.

போன ஆவணியில் ஒரு கல்யாணத்தில் அவன் அப்படிச் சொல்லி முடித்தபோது, எனக்குப் பக்கத்து இலையில் கருப்பசாமி இருந்தார். அவரும் சிரித்தார். பிறகு சோற்றைப் பிசைந்துகொண்டே, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் என்னிடம் கேட்டார்:

"மிச்சத்த இவுகளுக்குச் சொல்லலையா மாப்ளே? இல்ல, இதுக்கும் ஒரு வருசம் ஆகுமா?"

ஆகவில்லை, சின்ன மாமா. மிச்சத்தையும் இதோ எழுதிவிட்டேன், இந்த முறை நான் அவ்வளவு நாள் எடுத்துக்கொள்ளவில்லை.