என் வாய், மும்பை உதடு

‘தாரா தோரணம்’ வார இதழின் ஆசிரியர் அவர்களுக்கு,

ஐதராபாத் கிருஷ்ணாநகரிலிருந்து கொராட பைடிதல்லி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. சென்ற வார இதழில் உங்கள் விமர்சகர் என் வாயைத் திருடி மும்பை நடிகை மிஹிகாவுக்குக் கொடுத்துவிட்டார். மற்றபடி இங்கு நான் நலம். நீங்களும் உங்கள் அலுவலகத்தாரும், கடைசி அட்டையில் முழுப் பக்க விளம்பரம் கொடுக்கும் நகைக்கடைக்காரரும் நலமாயிருக்க பைடிதல்லி அம்மன் அருள்வாளாக. அவள் பெயரைத்தான் எனக்கு வைத்திருக்கிறார்கள் என்பதால் என் சிபாரிசு செல்லும்.

‘முந்திரிக்காட்டு ராணி’ படத்தின் கடைசிக் காட்சியில் நாயகி பேசும் எங்கள் ஸ்ரீகாகுளத்துத் தெலுங்கைப் பற்றி உங்கள் விமர்சகர் ஒரு பக்கம் முழுக்க உருகியிருக்கிறார். எங்கள் ஊர் பலாசாவின் முந்திரித் தொழிற்சாலையில் பெண்களோடு பெண்ணாக உட்கார்ந்து மாதக்கணக்கில் பயின்ற உழைப்பு அந்த நாக்கில் தெரிகிறதாம். ஐயா, மிஹிகா பலாசாவுக்கு வந்தது நான்கு நாள். வெயில் தாங்காமல் வண்டியை விட்டு இறங்கியது காட்சி எடுக்கும்போது மட்டும். எங்கள் ஊர்ப் பேச்சில் அவள் கற்றுக்கொண்ட ஒரே வார்த்தை ‘மோர்’. வசனம் மனப்பாடம் ஆகாததால் கேமரா முன்னால் இந்தியில் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணுவாள். தாய் செத்துக் கிடக்கிற காட்சியில் முப்பது தாண்டி எண்ணி எண்ணி அழுதாள். அந்தப் பெண் மேல் எனக்குக் கோபம் இல்லை. வெறும் எண்களுக்காக அப்படி அழ என்னால் முடியாது. ஆனால் உதடு அவளுடையது, அதற்குள்ளே இருந்து வந்த வாய் என்னுடையது. நான் டப்பிங் கலைஞர்.

என் வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், உங்கள் அலுவலகத்தில் யாருக்கும் தெரியாது போலிருக்கிறது. நம் படங்களில் நாயகி எந்த மாநிலத்திலிருந்து வந்தாலும், கதையில் எந்தக் கிராமத்தில் பிறந்தாலும் விஜயவாடாப் பக்கத்துப் பேச்சைத்தான் பேசுவாள். அதற்கு ஹேமலதா மேடம் இருக்கிறார், தேன் தடவிய குரல். எங்கள் பேச்சு யாருக்கு? பாத்திரம் தேய்க்கிறவளுக்கு, வாட்ச்மேன் மனைவிக்கு, வில்லன் வீட்டில் பூரி சுட்டுக் கருக்குகிறவளுக்கு. நான் குரல் கொடுத்த வேலைக்காரிகளை வரிசையாக நிறுத்தினால் அமீர்பேட்டையிலிருந்து ஜூபிலி ஹில்ஸ் வரை நிற்பார்கள், ஜூபிலி ஹில்ஸ் பங்களாக்களில் அவர்களுக்கு வேலையும் கிடைக்கும். வாக்கியத்தின் கடைசியில் நாங்கள் இழுத்து மேலே தூக்குவோமே, அந்த இழுப்பு காதில் விழுந்ததும் தியேட்டர் சிரித்துவிடும். நகைச்சுவை வரவே வேண்டாம், நாங்கள் ‘வாங்க’ என்றாலே போதும். ஒருமுறை என் அம்மாவோடு பலாசா தியேட்டரில் உட்கார்ந்திருந்தேன். திரையில் ஒரு வேலைக்காரி என் குரலில் பேச, எங்கள் ஊரே சிரித்தது. அம்மாவும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அந்த வேலைக்காரி பேசியது அம்மாவின் பேச்சு. எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

இந்தப் படத்திலும் அப்படித்தான். நாயகி பலாசாவில் முந்திரி உடைக்கிற பெண், அவளுடைய தாயும் முந்திரி உடைக்கிறவள். தாய்க்கு எங்கள் பேச்சு, மகளுக்கு விஜயவாடாப் பேச்சு. எனக்குத் தந்தது முதலாளி வீட்டுச் சமையல்காரியை. இது எப்படி சார் பொருந்தும், பெற்றவளிடம் பேசவே மாட்டாளா என்று இயக்குநர் பார்கவிடம் கேட்டேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். “ஹீரோயின்மா அவ. உங்க ஊர்ப் பேச்சுல அழுதா ஜனங்க சிரிச்சுடுவாங்க” என்றார். பக்கத்திலிருந்த ஹேமலதா மேடம், நாக்கைக் கழுவிக்கொண்டு வந்தால் எனக்கும் ஒரு நாள் நாயகியின் தங்கை வேடம் கிடைக்கலாம் என்று ஆறுதல் சொன்னார்.

அப்புறம் நடந்ததுதான் கூத்து. கடைசிக் காட்சியில் நாயகி தொழிற்சாலை முதலாளியைப் பார்த்து ‘எங்களுக்கு நியாயம் வேண்டும்’ என்று ஒரே வரி சொல்ல வேண்டும். படம் பிடித்த அன்று மிஹிகாவுக்கு ஏதோ வேகம் வந்து, நிறுத்தாமல் எண்ணிக்கொண்டே போய்விட்டாள். முகம் என்றால் முகம், படத்திலேயே அதுதான் அவளுடைய நல்ல காட்சி, வெட்ட யாருக்கும் மனசு வரவில்லை. வசனம் ஒரு வரி, உதடு அசைவது ஒரு நிமிடம். எழுதியவரோ மகனுக்கு மொட்டை போடத் திருப்பதி போய்விட்டார். ஹேமலதா மேடத்துக்குத் தொண்டை கட்டிவிட்டது. வெளிநாட்டுக்குப் பிரதி போயாக வேண்டும், தயாரிப்பாளர் போனில் கத்துகிறார், நான் சமையல்காரிக்குக் குரல் கொடுத்துவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டிருக்கிறேன். ஒலிப்பதிவாளர் மஸ்தான் அண்ணன் கூப்பிட்டார். “பைடி, உள்ள போய் எதையாவது பேசி அந்த இடத்தை ரொப்பிட்டுப் போம்மா. அளவு தெரியட்டும். நாளைக்கு மேடம் வந்து சரியா பேசிக்குவாங்க.”

எதையாவது என்றால் எதை? திரையில் அந்த முகம் கோபத்தில் எண்களை உதிர்த்துக்கொண்டிருக்கிறது. இந்தியில் ‘பாஞ்ச்’ என்று ஐந்து வரும்போதெல்லாம் உதடு மூடுகிறது, அங்கே எனக்கும் உதடு மூடுகிற சொல் வேண்டும். என் அம்மா முப்பது வருடமாக முந்திரி உடைக்கிறவள். கொட்டை ஓட்டின் எண்ணெய் பட்டுப் பட்டு அவள் விரலெல்லாம் வெந்து கறுத்துவிட்டது. போன வருடம் ரேஷன் கடை மெஷின் அவள் விரலை ஏற்காமல் திருப்பி அனுப்பிய அன்று, நேராகத் தொழிற்சாலைக்குப் போய் முதலாளியிடம் பேசினாள். அதை அப்படியே பேசினேன்.

“உன் முந்திரிய உடைச்சு உடைச்சு என் விரல்ல ரேகையே போயிடுச்சு, பாவி. ரேஷன் கடை மெஷின் இது மனுஷியே இல்லங்குது. உன் வீட்டுப் பாயசத்துல மெதக்குதே, அந்த முந்திரிய எடுத்துப் பாரு. என் ரேகை அதுலதான் இருக்கும். அதைக் கொண்டு வந்து வை மெஷின்ல. அப்பவாவது எனக்கு அரிசி போடட்டும்.”

உதடு ஓரிடத்திலும் பிசகவில்லை. மஸ்தான் அண்ணன் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து எனக்கு டீ சொன்னார். மறுநாளும் மேடத்துக்குத் தொண்டை திறக்கவில்லை. அவசரத்தில் என் குரலோடேயே பிரதிகள் கிளம்பிப்போயின. படம் முழுக்க விஜயவாடாவில் பேசிக்கொண்டிருந்த நாயகி கடைசிக் காட்சியில் திடீரென்று பலாசாவுக்கு வந்து இறங்கிவிட்டாள். வெளியான அன்று காலையில்தான் பார்கவுக்குத் தெரிந்தது. மஸ்தான் அண்ணனை வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார். என்னை இனி எந்த ஸ்டுடியோவிலும் பார்க்கக் கூடாதென்றார். அதாவது வேலைக்காரியும் கிடையாது, பூரியும் கிடையாது. நான் துப்பட்டாவை முகத்தில் சுற்றிக்கொண்டு முதல் காட்சிக்குப் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன்.

அந்த இடம் வந்தது. என் முதல் இழுப்பு விழுந்ததும் மாடியில் ஒருவன் பழக்க தோஷத்தில் சிரித்தான். பக்கத்தில் இருந்தவன் அவன் தலையில் ஒன்று போட்டான். அப்புறம் யாரும் சிரிக்கவில்லை. ரேகை என்று சொல்லும்போது எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த பெண் தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள். அரிசி என்றதும் தியேட்டர் எழுந்து நின்றது. விசில், கிழித்த காகிதம், யாரோ செருப்பைக்கூட மேலே வீசினார்கள். எங்கள் பேச்சைக் கேட்டு ஒரு தியேட்டர் எழுந்து நின்றதை நான் பார்த்தேன், ஆசிரியரே.

அன்று அம்மா போன் செய்தாள். தொழிற்சாலைப் பெண்களெல்லாம் சேர்ந்து போய்ப் பார்த்தார்களாம், நாற்காலி மேல் ஏறி நின்றார்களாம். “அந்தப் பொண்ணு என்னைப் போலவே திட்டுதுடி. யாரு பெத்த மகராசியோ” என்றாள். நீ பெத்ததுதான் அம்மா, அது என் குரல் என்றேன். “போடி, நீ வேலைக்காரிக்குத்தானே குடுப்ப” என்று வைத்துவிட்டாள்.

இரண்டே நாளில் பார்கவ் டிவியில் உட்கார்ந்து, வாழ்நாளெல்லாம் அடக்கி வைத்த தாய்ப்பேச்சு கடைசியில் உடைத்துக்கொண்டு வருவதாகத் தான் முதலிலேயே திட்டமிட்டதாகச் சொன்னார். மஸ்தான் அண்ணனை வீட்டிலிருந்து அழைத்துவரக் கார் போயிற்று. இப்போது ஜூபிலி ஹில்ஸ் கல்லூரிப் பெண்கள் என் குரலுக்கு வாயசைத்துப் படம் பிடித்துப் போடுகிறார்கள், உள்ளே பாத்திரம் தேய்க்கிறவள் அதே பேச்சைச் சும்மாவே பேசிக்கொண்டிருக்க. ஹேமலதா மேடம் என் அறைக்கு வந்து, “அந்த இழுப்பை மட்டும் எனக்குச் சொல்லிக்கொடேன்” என்றார். நாக்கைக் கழுவாமல் வந்தால் வரும் என்றேன். அடுத்த படத்தில் நாயகிக்கே என் குரல்தான் என்று பார்கவ் சொல்லிவிட்டார். ஜெயித்துவிட்டோம், ஐயா. நான் மட்டுமில்லை, பூரி கருக்கிய அத்தனை பேரும்.

இந்த நேரத்தில் நீங்கள் சிறந்த உச்சரிப்புக்கான ‘தோரணம்’ விருதை மிஹிகாவுக்கு அறிவித்திருக்கிறீர்கள். எண்ணினதற்கு விருது என்றால் எங்கள் ஊர் ரேஷன் கடைக்காரருக்குக் கொடுங்கள். பேசினதற்கு என்றால் அடுத்த இதழில் என் பெயரை அச்சிட்டு, மேடைக்கு என் அம்மாவை அழையுங்கள். ஒருத்தியின் வாயை எடுத்து இன்னொருத்திக்கு வைப்பது திருட்டு. அதை யார் செய்தாலும் திருட்டு.

உங்கள் இதழ் பல்லாண்டு ஓடவும், உங்கள் விமர்சகருக்கு விரைவில் காது திறக்கவும் வேண்டிக்கொள்ளும்,

கொராட பைடிதல்லி

பின்குறிப்பு: இதைத் தபாலில் போடாமல் ஒரு வாரம் வைத்திருந்துவிட்டேன். அதற்குள் பார்கவ் ஏற்கெனவே எடுத்து வைத்திருந்த அடுத்த படம் டப்பிங்குக்கு வந்துவிட்டது. நாயகி இந்த முறை மும்பை இல்லை, எங்கள் பக்கத்து இச்சாபுரத்துப் பெண், நீலவேணி. எண்களெல்லாம் எண்ணவில்லை, ஒவ்வொரு வரியையும் தானே பேசி நடித்திருக்கிறாள். தயாரிப்பாளர் நாலு பேருக்குப் போட்டுக் காட்டினாராம். இந்தப் பெண் மிஹிகா மாதிரி பேசப் பார்க்கிறது, வரவில்லை என்றார்களாம். “அழகாத்தான் இருக்கு பைடி, ஆனா ஒரிஜினல் மாதிரி இல்லையே” என்றார் பார்கவ். ஆகவே அவளுக்கும் என் குரல். நாயகி வேடம், முதல் தடவை, நான் சரி என்றுவிட்டேன். ஆகையால் மேலே திருட்டு என்று எழுதியிருக்கும் இடங்களை மட்டும் தயவுசெய்து அச்சிட வேண்டாம். நேற்று நான் மைக் முன்னால் நின்றபோது நீலவேணி கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள். அவள் பேச்சு என் அம்மாவின் பேச்சு, ஐந்து வருடம் ஐதராபாத்தில் இருந்த என்னுடையதைவிடச் சுத்தம். மஸ்தான் அண்ணன் பதிவுக்கான சிவப்பு விளக்கைப் போட்டுவிட்டார், அது எரியும்போது உள்ளே யாரும் வாய் திறக்கக் கூடாது. அவளுக்கு அந்த வழக்கம் தெரியாது.

“அக்கா, அது என் வாய். எனக்குக் குடுத்துடுங்க.”