புது மாப்பிள்ளைக்கு ஒரு பாஸ்

முதல் ஐந்து நிமிடத்தில் வேலுசாமியின் காலுக்குப் பதினேழு தடவை பந்து வந்துவிட்டது. பதினேழையும் அவன் எதிரணிக்குத் தாரை வார்த்துவிட்டான்.

சுந்தரபாண்டியத்துக்காரனான அவன் ராஜபாளையத்தில் பெண் எடுத்து நாற்பது நாள்தான் ஆகிறது. கூரை போட்ட அரங்கில், பக்கத்துக்கு ஐந்து பேர் ஆடும் கால்பந்து. ஸ்ரீவில்லிபுத்தூர் அணியோடு போட்டி. ஆள் குறைகிறதென்று மச்சான்மார் அவனையும் இறக்கிவிட்டிருந்தார்கள். பெரிய மச்சான் தங்கப்பாண்டியன், கோல் வாசலில் தனியாக நின்றாலும் பந்தைத் திருப்பி மாப்பிள்ளைக்கே தள்ளினார். கேலரியில் புதுப்பெண் வெங்கடேஸ்வரி சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டாள். பெண்டாட்டி முன்னால் ஒரு தடவையாவது ஆட்டக்காரன் என்று பேர் வாங்கிவிட வேண்டும். வேலுசாமிக்கு வேறு ஆசையே இல்லை.

"மச்சான், எனக்குப் பந்து வேண்டாம். நீங்களே அடிங்க."

தங்கப்பாண்டியன் முகம் வெளுத்துவிட்டது. "கோவமா மாப்ளே? எதுவும் குறை வச்சுட்டமா?"

சேதி கேலரிக்குப் போனது. மாமனார் ஆடுகளத்துக்கே இறங்கி வந்துவிட்டார்.

"ஏலே ராக்கப்பா, மாப்பிள்ளையக் கவனிக்கியளா இல்லையா?"

சின்ன மச்சான் ராக்கப்பன் மிரண்டுபோய், அடுத்த பந்தை வேலுசாமியின் கால் பக்கத்தில் வைத்துவிட்டு ஒதுங்கி நின்றான்.

தங்கப்பாண்டியன் மாப்பிள்ளைக்குத் தள்ளிய இன்னொரு பந்து குறி தவறி, எதிரணி கோலுக்குள் உருண்டது.

"தப்பா நெனைக்காதிய மாப்ளே, ஒங்களுக்குத்தான் தள்ளுனேன்," என்று மன்னிப்புக் கேட்டார்.

வேலுசாமி காலில் அடிபட்டதுபோல் நொண்டிப் பார்த்தான். மாமனார் சோடா வாங்கி வந்தார். பந்து வருவது மட்டும் நிற்கவில்லை. கடைசியில், "நான் கோல் கீப்பரா நிக்கேன்," என்று பின்னால் ஓடினான். மச்சான்மார் பந்தை அங்கேயும் அனுப்பினார்கள். வந்ததையெல்லாம் அவன் வெளியே உதைத்துத் தள்ளினான்.

அப்போதுதான் எதிரணியின் கிராப்பு வெட்டிய நெட்டை ஆள் தனியாகப் பாய்ந்து வந்தான். அடித்தான். வேலுசாமி பிடித்துவிட்டான். மறுபடி அடித்தான். அதுவும் கையில். மொத்தம் ஐந்து. ஒன்றுகூட விரலைத் தாண்டவில்லை.

கடைசி விசில் ஊதினார்கள். ஒன்றுக்குப் பூஜ்யம். வெங்கடேஸ்வரி எழுந்து நின்று கை தட்டினாள். வேலுசாமிக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. இந்தப் பேர் எவரும் தட்டில் வைத்துக் கொடுத்ததல்ல, தானே சம்பாதித்தது.

நெட்டை ஆள் வந்து கையைப் பிடித்துக் குலுக்கினான்.

"அஞ்சும் நல்ல ஷாட்டுங்க," என்றான் வேலுசாமி பெருந்தன்மையாக.

"பட்டாளத்துல லீவு கிடைக்கல, கல்யாணத்துக்கு வர முடியாமப் போச்சு மாப்ளே. நானும் ஒங்களுக்கு மச்சான்தான், வெங்கடேஸ்வரிக்குப் பெரியப்பா மகன்."