பெருக்கும் வாரத்தில் சார்பியல்

உல்ம் நகரத்துப் போலீஸ் தடிக்கு அஞ்சாத கெப்ஹார்டு, அந்தச் சனிக்கிழமை ஒரு மரப்பலகைக்கு அஞ்சினார். ‘பெருக்கும் வாரம்’ என்று எழுதிய பலகை. அடுக்குமாடிக் கட்டடத்தில் வாரம் ஒரு வீடாக நகர்ந்து வந்து இப்போது அவர் கதவில் தொங்கியது. யார் கதவில் தொங்குகிறதோ, அவர்கள்தான் மாடிப்படி முழுவதையும் பெருக்கித் துடைக்க வேண்டும். மனைவி வால்புர்கா முட்டி வலி என்று துணியைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

மதுக்கடையில் பழைய தோழர்களின் மேஜை காத்திருந்தது. வாலிபத்தில் நடத்திய பெரிய வேலைநிறுத்தத்தின் நினைவாக வருடத்தில் ஒருநாள் கூடுவார்கள். தொழிற்சங்கத்தை விற்றவர்கள் காரில் போகிறார்கள். விற்காதவர்களுக்கு மூன்று நாற்காலி மிச்சம். அடுத்த வருடம் எத்தனை மிஞ்சுமோ.

ஆகவே அறிவியலைத் துணைக்கு அழைத்தார். சார்பியலைக் கண்டவர் பிறந்த ஊராயிற்றே.

“எல்லாமே சார்பானது, வால்புர்கா. படி அழுக்குங்கறது பாக்கறவங்களைப் பொறுத்தது. எனக்குச் சுத்தமாத்தான் தெரியுது.”

வாலிபத்தில் ஒரு சிறுபிரசுரத்தில் படித்தது. யார் பார்த்தாலும் ஒளியின் வேகம் மாறாது என்று அதன் பின்பாதியில் இருந்தது. கெப்ஹார்டு முன்பாதியோடு மேடையேறிவிட்டார்.

அவள் சண்டை போடவில்லை. வேலைநிறுத்தக் கூட்டத்தில் பீர்ப்பெட்டி மேல் நின்று அவர் சார்பியல் பேசிய மாலையை நினைவூட்டினாள். மண்டபத்தில் குளிருக்கு எரிக்கக் கரி இல்லை. அவர் கோட்டில் ஒரு பொத்தான்கூட இல்லை. அவள் முன்வரிசையில் நின்றாள். கிழவருக்குக் கண் கலங்கியது. எவ்வளவு ஜனம், எவ்வளவு நம்பிக்கை!

“ஓடிக்கிட்டே இருக்கறவனுக்கு வயசு மெதுவாத்தான் ஏறும்னு சொன்னீங்களே தோழரே, அது நெஜந்தானா?”

“பின்னே?” என்று நெஞ்சை நிமிர்த்தினார்.

“அதான் பாக்கறேன். நான் இந்தப் படியில ஏறி எறங்கிக்கிட்டே இருந்தேன். நீங்க கமிட்டியில உக்காந்தே இருந்தீங்க. போய்க் கண்ணாடியப் பாருங்க.”

பார்த்தார். மேடையில் சொன்னதை வீட்டில் வாபஸ் வாங்குகிற ஆள் அல்ல அவர். வாளியைத் தூக்கிக்கொண்டு மேல்மாடிக்கு ஏறினார்.

கடைசிப் படியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, வால்புர்கா நல்ல கோட்டும் தொப்பியுமாகத் துள்ளி இறங்கி வந்தாள். மதுக்கடைக்குத்தான் போகிறாளாம். அந்த வேலைநிறுத்தத்தில் அவளும் நின்றவள்தானாம். இத்தனை வருடத்தில் ஒருவரும் அவளை மேஜைக்குக் கூப்பிடவில்லையாம். இன்றைக்கு ஒரு நாற்காலி காலியாகத்தானே இருக்கிறது.

“முட்டி வலின்னியே?”

“அதுவும் பாக்கறவங்களைப் பொறுத்ததுதான். உங்களுக்குத்தான் வலிக்கிற மாதிரி தெரிஞ்சுது.”