பச்சை ஒட்டினால் போகும்

ஜனநாயகம் எந்த நாட்டில் பிறந்தது என்று அறிஞர்கள் இன்னும் அடித்துக்கொள்கிறார்கள். பாவம், வீண் உழைப்பு. அது பிறந்தது என் வீட்டு ஹாலில். பிறந்தபோது ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. நான் தலைமை தாங்கினேன்.

அந்த மகத்தான நிகழ்ச்சிக்குப் போகுமுன் என்னைப் பற்றி, அடக்கத்தோடு, சில வார்த்தைகள். நான் ஒரு நாற்காலிக் கம்பெனியில் முதுநிலைத் தர ஆய்வாளன். புரியும்படி சொன்னால், உட்காருகிறவன். எங்கள் கம்பெனியின் ஒவ்வொரு புது மாடலிலும் முதலில் உட்காருவது நான்தான். சாய்வேன். சுழல்வேன். ஒரு பக்கமாகச் சரிந்து, மாமியாரிடம் போனில் பேசுவதுபோல் நெளிவேன். பிறகு எழுந்து "தேறும்" என்றோ "தேறாது" என்றோ தீர்ப்பு சொல்வேன். குந்தித் தின்றால் குன்றும் மாளும் என்பது பழமொழி. என் விஷயத்தில் குந்தினால்தான் சோறு.

என் மனைவி பிசியோதெரபிஸ்ட். முதுகுவலிக்காரர்களை நிமிர்த்தி அனுப்புகிறவள். அவளிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் எங்கள் கம்பெனி நாற்காலியில் உட்கார்ந்தவர்கள் என்று போட்டிக் கம்பெனிக்காரர்கள் ஒரு வதந்தி கிளப்பியிருக்கிறார்கள். அப்பட்டமான பொய். முக்கால்வாசிப் பேர்.

எங்கள் கம்பெனியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அங்கே யாரும் யாருக்கும் உத்தரவு போடுவதில்லை. உத்தரவு அநாகரிகம். எல்லாம் 'கருத்துக் கேட்பு'தான். கேன்டீனை மூடியபோதுகூட, மூடிய கதவுக்கு முன்னால் எங்களையெல்லாம் வரிசையாக நிற்க வைத்து, மூடலாமா என்று ஒவ்வொருவரிடமும் கருத்துக் கேட்டார்கள். அந்தப் பண்பு வேறெங்கே வரும்?

அப்படிப்பட்ட கம்பெனியின் எம்.டி. ஒருநாள் என்னைத் தம் அறைக்குக் கூப்பிட்டார்.

"உட்காருங்க" என்றார்.

உட்கார்ந்தேன். பழக்க தோஷம், லேசாகச் சாய்ந்தும் பார்த்தேன். தேறும்.

"நாட்டோட அந்தக் கோடியில புது ஃபாக்டரி திறக்கிறோம். மெஷின் போயாச்சு, மரம் போயாச்சு. உட்காரத்தான் ஆளில்லை. நீங்க குடும்பத்தோட அங்க போயிடலாமான்னு உங்க கருத்தைக் கேக்கணும். மண்டல அமர்வுத் தலைவர்னு பதவி. மனசைத் திறந்து சொல்லுங்க."

திறக்கப்போனேன். அதற்குள் ஆபீஸ் பையன் உள்ளே வந்து, என் அறைக் கதவிலிருந்து கழற்றிய என் பெயர்ப்பலகையை மேஜைமேல் வைத்துவிட்டுப் போனான்.

"ஸ்க்ரூ பத்திரம்" என்றார் எம்.டி. "அங்கேயும் அதே ஸ்க்ரூதான்."

"சார், வீட்ல ஒரு வார்த்தை..."

"கேளுங்க! கண்டிப்பா கேளுங்க! வீட்டைக் கேக்காம முடிவெடுக்கிறவனை நான் மனுஷனாவே மதிக்கிறதில்லை. லாரிக்கு மட்டும் இப்பவே சொல்லி வெச்சிடுங்க. அப்புறம் கிடைக்காது."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. இவ்வளவு பெரிய மனிதர், கேவலம் என் கருத்தை மதித்து, அதைக் கேட்டு நேரத்தை வீணாக்காமலே அறிந்துகொண்டாரே! வராந்தாவில் நின்றபடியே லாரிக்குப் போன் போட்டேன். இதை முடிவு என்று யாரும் தவறாக நினைக்கக் கூடாது. முன்னேற்பாடு.

அடுத்த வாரம், ஞாயிறு மாலை, என் வீட்டு ஹாலில் 'குடும்ப ஆலோசனைக் கூட்டம்' கூடியது.

உறுப்பினர்கள் மூவர். ஒன்று, மனைவி. இரண்டு, பள்ளிக்கூடப் பேச்சுப் போட்டி அணியின் தலைவியான மகள். எதிர்த்துப் பேசுவதற்காகவே கோப்பை வாங்கியவள். கோப்பை தராத இடங்களிலும் பேசுவாள். மூன்று, மனைவியின் தம்பி. வேலை கிடைக்கும்வரை தற்காலிகமாகத் தங்கிக்கொள்கிறேன் என்று வந்தவன். வேலை வந்தது, போனது, வேறொன்று வந்தது. அவன் மட்டும் எங்கள் சோபாவை விட்டு அசையவில்லை. வீட்டில் அவனுக்குப் பெயரே 'தற்காலிகம்'தான்.

தொண்டையைச் செருமிக்கொண்டு எழுந்தேன்.

"இன்னைக்கு நாம எல்லாரும் ஒண்ணா சேர்ந்து, சுதந்திரமா..."

"எந்த ஊரு?" என்றாள் மனைவி.

"என்ன எந்த ஊரு?"

"சேர்ந்து, சுதந்திரமான்னு நீங்க ஆரம்பிச்சா, மூட்டை கட்டப்போறோம்னு அர்த்தம். போன ரெண்டு தடவையும் இப்படித்தானே ஆரம்பிச்சீங்க. எந்த ஊருன்னு சொல்லுங்க."

சொன்னேன்.

"மேப்ல ஓரத்துல ஒரு பெட்டி போட்டு, இத்தனை சென்டிமீட்டருக்கு இத்தனை கிலோமீட்டர்னு எழுதியிருப்பாங்களே," என்றாள் மகள். "அந்தப் பெட்டிக்கு அடியில மாட்டிக்கிட்டு இருக்கிற ஊராப்பா?"

"காத்தோட்டமான ஊரு" என்றேன்.

மனைவி கைகளைக் கட்டிக்கொண்டாள். "முதல் ஊர்ல கிளினிக் வெச்சேன். நாலு பேர் தேடி வர ஆரம்பிச்சாங்க. கிளம்பினோம். ரெண்டாவது ஊர்ல மறுபடியும் முதல்லேருந்து. அங்கயும் வர ஆரம்பிச்சாங்க. கிளம்பினோம். இங்க இப்பத்தான் ஒரு நல்ல ரூமாப் பிடிச்சு, கட்டில் போட்டு, வெளியே என் பேர்ல போர்டு மாட்டியிருக்கேன். பெயின்ட் வாசனைகூட இன்னும் போகல. அந்த போர்டை நான் என்ன பண்ணட்டும்?"

நியாயமான கேள்வி. அதற்கு என்னிடம் தயாராகப் பதிலும் இருந்தது.

"ஸ்க்ரூவைப் பத்திரமா எடுத்து வை. அங்கேயும் அதே ஸ்க்ரூதான்."

அவள் என்னையே பார்த்தாள். முதுகெலும்பில் எந்தக் கணு பிசகியிருக்கிறது என்று பார்க்கிற பார்வை.

"பேஷண்டுக்கு என்ன பஞ்சம்?" என்று தைரியமூட்டினேன். "நம்ம நாற்காலி அங்கே வருதில்ல? முதுகுவலிக்கு நான் காரண்டி."

"அத்தான்," என்று சோபாவிலிருந்து ஒரு குரல், "நானும் வரணுமா?"

"நீ தற்காலிகமாத்தானே இருக்கே? உனக்கு எந்த ஊரா இருந்தா என்ன?"

"இல்ல, சோபாவும் வருதான்னு கேட்டேன்."

விவாதம் முதிர்ந்துவிட்டது. வாக்கெடுப்புக்கு விட்டேன். போக வேண்டாம் என்பவர்கள் கை தூக்கலாம் என்றேன். மனைவி தூக்கினாள். மகள் தூக்கினாள். தற்காலிகம் படுத்தபடியே இரண்டு கையையும் தூக்கினான்.

சாதாரண மனிதன் இந்த இடத்தில் தோற்றுவிட்டதாக நினைத்திருப்பான். நான் புன்னகைத்தேன்.

"ரொம்ப சந்தோஷம். ஆரோக்கியமான விவாதம். ஆனா ஒண்ணைப் புரிஞ்சுக்கணும். கருத்து வேற, முடிவு வேற. கருத்து உங்களோடது. அதுல நான் தலையிடவே மாட்டேன். முடிவு இருக்கே, அது..."

காலிங் பெல் அடித்தது.

மகள் கதவைத் திறந்தாள். காதில் பேனாவும் கையில் இரண்டு ரோல் ஸ்டிக்கருமாக ஒருவர் நின்றிருந்தார்.

"லாரி ஆபீஸ்லேருந்து வரேன். சார் போன வாரமே புக் பண்ணியிருந்தாரே? சாமான் பாக்கணும்."

ஜனநாயகத்துக்கு நான் ஒரு மணி நேரம் ஒதுக்கிவிட்டு, அது முடிந்ததும் வரும்படிதான் இவரிடம் சொல்லியிருந்தேன். மனிதர் சீக்கிரமே வந்துவிட்டார். நம் நாட்டில் நேரம் தவறாமையைப் பற்றி யாருக்கும் அக்கறை இல்லை.

மூன்று பேரும் ஒரே நேரத்தில் என் பக்கம் திரும்பினார்கள்.

"போன வாரமேவா?" என்றாள் மகள்.

"அது முன்னேற்பாடும்மா."

லாரி ஆபீஸ்காரர் சூழ்நிலை எதையும் கவனிக்காத நல்ல மனிதர். அலமாரியைத் தட்டினார். ஃபிரிட்ஜைக் கட்டிப்பிடித்து அகலம் பார்த்தார். தற்காலிகத்தைத் தாண்டி சோபாவை அளந்தார். பிறகு ஸ்டிக்கர் ரோல்களை மேஜைமேல் வைத்தார்.

"ஒண்ணு பச்சை, ஒண்ணு சிவப்பு. பச்சை ஒட்டினா போகும். சிவப்பு ஒட்டினா இருக்கும். அவ்வளவுதாங்க."

"ஒட்டறது யாரு?" என்றாள் மனைவி. கூட்டம் கலைந்தபிறகு அவள் பேசிய முதல் வார்த்தை.

"நீங்கதாம்மா ஒட்டணும். எங்க லோடு ஆளுங்க யாரையும் எதுவும் கேக்க மாட்டாங்க. கேட்டா அம்மா ஒண்ணு சொல்வாங்க, ஐயா ஒண்ணு சொல்வாரு, லாரி வாசல்லயே நிக்கும். அதனால கலரைப் பாப்பாங்க, தூக்குவாங்க. ஒரு வீட்ல குழந்தை விளையாட்டா வாசக்கதவுல பச்சை ஒட்டிடுச்சு. கதவைக் கழட்டி ஏத்திட்டாங்க."

"அந்த வீட்டுக்காரர் ஒண்ணும் சொல்லலையா?"

"சொன்னாரும்மா. கதவுல சிவப்பு இல்லையே!"

மனைவி முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. "ரெண்டு ரோலையும் வெச்சிட்டுப் போங்க அண்ணே. டீ சாப்பிடுறீங்களா?" என்றாள்.

அழவில்லை. கத்தவில்லை. டீ போட்டாள். மௌனம் சம்மதம் என்றால், டீ ஏகமனதான சம்மதம். தீர்மானம் நிறைவேறியதாக மனசுக்குள் அறிவித்துவிட்டுத் தூங்கப்போனேன்.

அதற்குப் பிறகு என் குடும்பம் காட்டிய சுறுசுறுப்பைச் சொல்லி மாளாது. ஆபீஸ் விட்டு வந்தால், உள்ளறையில் 'சர்ர்ர்க்' என்று ஸ்டிக்கர் கிழியும் சத்தம். பூட்டிய கதவுக்குப் பின்னால் மூவரும் குசுகுசுவென்று பேசுவார்கள். நான் தட்டினால் பேச்சு நிற்கும்.

"உள்ள என்ன கூட்டம்?"

"ஒண்ணுமில்லப்பா," என்பாள் மகள். "முன்னேற்பாடு."

எம்.டி.யிடம் பெருமையோடு சொன்னேன். அவர் ஊழியர் கூட்டத்தில் என்னை நிற்கவைத்து, "இவர் வீட்டைப் பாருங்க! ஒத்த கருத்து!" என்று கைதட்டச் சொன்னார். என் இடத்துக்கு வந்திருந்த இளைஞன், என் நாற்காலியில் உட்கார்ந்தபடியே கைதட்டினான்.

லாரி வரும் நாள் வந்தது.

காலையில் குளித்து, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, ஹாலில் என் சொந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். வாழ்க்கையில் நான் முதன்முதலாகத் 'தேறும்' என்று சொன்ன நாற்காலி. மனைவி பின்னால் வந்து நின்றாள். என் முதுகில் உள்ளங்கையை வைத்து, மேலிருந்து கீழாக அழுத்தி ஒரு தடவு தடவினாள்.

"நல்லபடியா போயிட்டு வாங்க" என்றாள்.

இத்தனை வருஷ இல்லறத்தில், கட்டணம் வாங்காமல் யாருக்கும் அவள் இப்படிச் செய்து நான் பார்த்ததில்லை. நெகிழ்ந்துபோனேன்.

லோடு ஆட்கள் நால்வர் உள்ளே நுழைந்தார்கள். ஃபிரிட்ஜைப் பார்த்தார்கள், தாண்டினார்கள். அலமாரியைப் பார்த்தார்கள், தாண்டினார்கள். சோபாவையும் தாண்டினார்கள். என்னிடம் வந்தார்கள். இரண்டு பேர் முன்னால், இரண்டு பேர் பின்னால்.

தூக்கினார்கள்.

"ஏய்! என்னய்யா பண்றீங்க? இறக்குங்க!"

"பச்சை இருக்கு சார்."

"நாற்காலியிலதானேய்யா?"

"நாற்காலியில மட்டும் இருந்திருந்தா உங்களை எழுப்பிவிட்டிருப்போம் சார். உங்க முதுகுலயும் இருக்கே."

அந்த உயரத்திலிருந்து முதன்முறையாக என் வீட்டை முழுசாகப் பார்த்தேன். ஒரே சிவப்பு. ஃபிரிட்ஜில் சிவப்பு, கடிகாரத்தில் சிவப்பு, மகளின் படிப்பு மேஜையில் சிவப்பு. மகளின் காலரில் சிவப்பு. மனைவியின் வெள்ளைக் கோட்டில், பட்டன் மாதிரி, சிவப்பு. சோபாவில் ஒன்று, அதன்மேல் படுத்திருந்தவன் நெற்றியில் ஒன்று. பச்சை என்று பார்த்தால் என் பெட்டி, என் ஷேவிங் செட், என் பெயர்ப்பலகை. பலகையோடு ஒரு சின்னப் பொட்டலம்.

"ஸ்க்ரூப்பா," என்றாள் மகள். "பத்திரம்."

"என்ன அநியாயம் இது! என்னை ஒரு வார்த்தை கேக்காம..."

"கேக்காமலா?" என்றாள் மனைவி. "அப்படியெல்லாம் செய்வோமா? முடிவு எடுத்தாச்சு. நீங்க போறீங்க, நாங்க இருக்கோம். இப்ப உங்க கருத்தைச் சொல்லுங்க. மனசைத் திறந்து, சுதந்திரமா."

"நான் அங்க தனியா எப்படி... சமைக்கக்கூடத் தெரியாது... எனக்குப் போகவே..."

மகள் கவனமாகக் கேட்டு, தலையாட்டினாள். "ஆரோக்கியமான கருத்துப்பா. ஆனா கருத்து வேற, முடிவு வேற."

"கவலைப்படாதீங்க அத்தான்," என்றான் தற்காலிகம், எழுந்திராமலே. "தற்காலிகமாத்தானே போறீங்க? அனுபவஸ்தன் சொல்றேன், பழகிடும்."

மனைவி மட்டும் வாசல்வரை கூட வந்தாள். "ரொம்ப நேரம் உட்கார்ந்தே இருக்காதீங்க. அப்பப்ப எழுந்து நடங்க. லீவுல வாங்க. வர்றதுக்கு முன்னாடி எங்களைக் கேட்டுக்கோங்க." சொல்லிவிட்டு, மணியைப் பார்த்து, கிளினிக் சாவியை எடுத்துக்கொண்டாள். முதல் பேஷண்ட் காத்திருந்தாராம்.

படியில் இறங்கும்போது நான் மறுபடி வாய் திறந்தேன். "சாமான் ஆடக் கூடாது சார்" என்றார்கள்.

ஒரு குடும்பமே போவதற்கான லாரி. நட்டநடுவில் என் நாற்காலியை வைத்து, நான் சரியாதபடி கயிறு கட்டினார்கள். கடைசியில் லாரி ஆபீஸ்காரர் பணிவோடு எட்டிப்பார்த்தார்.

"சார், கஸ்டமர் கருத்தைக் கேக்காம எங்க கம்பெனியில எதுவும் செய்யறதில்லை. கதவைச் சாத்திடலாமா?"

"வேண்டாம்" என்றேன். மனசைத் திறந்துதான் சொன்னேன்.

"ரொம்ப நன்றி சார்" என்று சொல்லி, சாத்தினார்.

இருட்டில் உட்கார்ந்தபடி நிதானமாக யோசித்துப் பார்த்தேன். அந்த மனிதரிடம் குறை சொல்ல ஒன்றுமே இல்லை. என் வீட்டில் நான் எப்படிக் கேட்பேனோ, அச்சு அசலாக அப்படியேதான் கேட்டார். சொல்லப்போனால் என்னைவிட ஒரு படி மேல். இத்தனை வருஷத்தில் நான் யாருக்கும் நன்றி சொன்னதில்லை.